ராஜம்மாவின் முதுகெலும்பும் என் லாக்கரில் இருந்த பாட்டிலும்

1. தும்மல்

ஒரு தும்மலில் முதுகெலும்பு உடைந்துபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தத் திங்கட்கிழமை வரை நான் சிரித்திருப்பேன். எக்ஸ்ரே அறையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவள் நான். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், கட்டுமான இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், செம்பனைத் தோட்டத்தில் குலை முதுகில் விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் படம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறிவுக்கும் ஒரு பெரிய காரணம் இருந்தது.

நான் ரேடியோகிராபர். எழுபதுகளின் நடுவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, பிறகு கோலாலம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறினேன். வீடு பிரிக்பீல்ட்ஸ். இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது.

அன்று காலை பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். பெயர் ராஜம்மா. வயது ஐம்பத்து நான்கு. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துபவர். கூட வந்தவர் அவருடைய கணவர் முனியாண்டி, லோரி டிரைவர். ட்ராலியை மேசையோடு ஒட்டி நிறுத்தியதுமே ராஜம்மா, நர்ஸ்களைக் கூப்பிடுவது போல என்னையும் மிஸி என்று கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸி, தூக்கிராதீங்க. நானே மெல்ல வரேன். தூக்கினா உயிரு போயிரும்."

ட்ராலிக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அதைக் கடக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது அவர் கத்தவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கத்துகிறவர்களைவிட இப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

"எங்க விழுந்தீங்கக்கா?"

"விழலியே மிஸி. சம்பல் கிண்டிக்கிட்டு இருந்தேன், மொளகா நெடிக்குத் தும்மல் வந்துச்சு. இடுப்புக்கு மேல டக்குனு ஒரு சத்தம். அப்படியே மேசையப் புடிச்சிக்கிட்டு நின்னுட்டேன்."

"ஆறு வாரமாச்சு மிஸி," என்றார் முனியாண்டி. "சுளுக்குன்னு நெனச்சி ரெண்டு தடவ உருவி விட்டோம். உருவ வந்த ஆளு முதுகுல ஏறி மிதிச்சான்."

படம் பிராசஸரிலிருந்து வெளியே வந்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். உடனே கழற்றி, மூலையில் இருந்த பெயரைப் படித்தேன். பிறந்த வருடத்தைப் படித்தேன். வேறு யாருடைய படத்தையோ மாற்றி எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்து நான்கு வயதுக்காரியின் எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். இது சோடாப் போத்தல் கண்ணாடி மாதிரி மங்கலாக, ஊடுருவித் தெரிந்தது. முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு, நாங்கள் எல் ஒன் என்று சொல்வது, முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. யாரோ காலி டின்னை மிதித்துவிட்டுப் போனது போல.

ஓர் ஆள் மேலே ஏறி மிதித்தது இந்த எலும்பைத்தான்.

2. பாட்டில்

எங்கள் ரேடியாலஜிஸ்ட் டாக்டர் குலசிங்கம். யாழ்ப்பாணத்து வம்சாவளி, கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐரோப்பாவில் ஒரு வருடம் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். உடைந்த முதுகெலும்பைக் கீறித் திறக்காமல், தோல் வழியாக ஊசியை இறக்கி, எலும்புக்குள் சிமெண்டை அழுத்தி நிரப்பும் முறையை அங்கே கற்றிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் அதுவரை யாருக்கும் செய்ததில்லை.

படத்தைப் பார்த்ததும் நேராக ராஜம்மாவிடம் வந்தார்.

"என்ன மருந்து எடுக்கிறீங்கம்மா?"

"மருந்து ஒன்னும் இல்ல டாக்டர். பிரஷர், இனிப்பு நீர் எதுவும் இல்ல."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். உருண்டையான, பளபளப்பான முகம். கைகளைத் திருப்பிப் பார்த்தார். தோல் காகிதம் போல மெலிந்து, அங்கங்கே ஊதா நிறத்தில் கன்றியிருந்தது.

"முழங்கால் வலி கிலி இருக்கா?"

"அது இருந்துச்சு. இப்ப இல்ல. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒருத்தர் வேன்ல வந்து மூலிகை குடுப்பாரு. அத சாப்பிட்டு ஒரு வாரத்துல ஓடியே போச்சு. மூனு வருசமா சாப்பிடுறேன்."

"அதைக் காட்டுங்கோ."

முனியாண்டி மனைவியின் பையைத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்தார். வெள்ளைப் பிளாஸ்டிக், பச்சை மூடி, மேலே ஓர் இலைப் படம். உள்ளே பழுப்பு நிறக் கேப்சூல்கள்.

டாக்டர் அதைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "மூலிகை ஒரு வாரத்தில முழங்காலைச் சுகப்படுத்தாது. இதுக்குள்ள ஸ்டீராய்டைக் கலந்திருக்கிறாங்கள் எண்டு நினைக்கிறன். வலியைத் தின்னும். கூடவே எலும்பையும் தின்னும்."

அதற்குப் பிறகும் டாக்டர் பேசினார். நான் கேட்கவில்லை. படங்களை உறையில் போடுகிற மாதிரி வெளியே வந்துவிட்டேன். கால் தானாக நடந்து லாக்கர் அறைக்குப் போனது.

என் லாக்கரில் அதே பாட்டில் இருந்தது. அதே பச்சை மூடி, அதே இலை.

ஈயக் கவசத்தை, அதாவது நாங்கள் போட்டுக்கொள்ளும் லெட் ஏப்ரனை, இருபது வருடம் சுமந்ததில் எனக்கும் முதுகு வலி. கூட வேலை செய்யும் டாக்டரிடம் போய் முதுகு வலிக்கிறது என்று சொல்லக் கூச்சம். பிரிக்பீல்ட்ஸுக்கும் அந்த வேன் வரும். ஒன்றரை வருடமாக நாளுக்கு இரண்டு விழுங்கிக்கொண்டிருந்தேன். "இப்பத்தான் உன் மூஞ்சி நல்லா பூசினாப்ல இருக்கு," என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது சந்தோஷப்பட்டிருக்கிறேன். லாக்கர் கதவுக் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தேன். சற்று முன் ட்ராலியில் பார்த்த முகத்தின் தங்கை மாதிரி இருந்தது.

கேப்சூல்களைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன். பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் அழுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான் வெளியேறிய பிறகு டாக்டர் ராஜம்மாவிடம் சொன்னது இது, எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "இதைத் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது. உடம்பு சொந்தமா ஸ்டீராய்டு சுரக்கிறதை மறந்துபோச்சு. நாங்கள் சரியான மாத்திரை தந்து கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பம்." அந்த அறையில் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் எனக்கும் அது காதில் விழுந்திருக்கும்.

3. சிமெண்ட்

வெள்ளிக்கிழமை காலை ராஜம்மாவுக்குச் சிமெண்ட் வைப்பதாக முடிவானது. அதற்குள் எனக்கு நான்கு நாட்கள் மாத்திரை இல்லாமல் ஓடியிருந்தன. புதன்கிழமை சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை படி ஏறும்போது கண் இருட்டியது. மாதவிலக்கு நிற்கும் வயது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லீவு எடுத்திருக்கலாம். ஆனால் முதல் கேஸ், சி ஆர்ம் மெஷினில் நான்தான் நிற்க வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். எனக்கும் ஆசை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

சிமெண்ட் என்றால் வீடு கட்டுவது இல்லை. இடுப்பு மூட்டு மாற்றும்போது எலும்பு டாக்டர்கள் உபயோகிக்கும் பிசின். பொடியையும் திரவத்தையும் கலந்தால் முதலில் பால் போல இருக்கும், பிறகு பற்பசை, பிறகு கல். எல்லாம் சில நிமிடங்களில். கலக்கும்போது நகப்பூச்சு போல நெடி வரும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் பேரியம் பொடி சேர்ப்பார்கள். சீக்கிரம் இறுகிவிடக் கூடாதென்று அறையைக் குளிரவைத்திருந்தோம்.

ராஜம்மா குப்புறப் படுத்திருந்தார். முழு மயக்கம் கொடுக்கவில்லை. மரத்துப்போக ஊசியும், கொஞ்சம் தூக்க மருந்தும்தான். நர்ஸ் ஹலிமா அவர் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்திருந்தார்.

சி ஆர்ம் என்பது சி எழுத்து வடிவில் வளைந்த எக்ஸ்ரே மெஷின். எலும்பை அசையும் படமாகத் திரையில் காட்டும். டாக்டர் ஊசியைத் தோலில் வைத்து, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். அந்த டொக் டொக் சத்தம் என் பல்லில் கேட்டது. ஊசி எலும்பின் பின்பக்கத் தூண் வழியாக உள்ளே போய், நசுங்கிய எலும்பின் நடுவில் நின்றது.

"லீலா, பக்கவாட்டில காட்டுங்கோ. கண்ணை எடுக்காதேங்கோ. எலும்பை விட்டு வெளியில ஒரு சொட்டுப் போனாலும் சொல்லோணும்."

பின்னால் போனால் தண்டுவடம், கால் விளங்காமல் போகலாம். முன்னால் போனால் ரத்தக்குழாய், நேராக நுரையீரலுக்குப் போகலாம். டாக்டர் கை சிரிஞ்சை அழுத்துகிறது, கண் திரையில். ஆனால் கையில் தட்டும் இறுக்கத்தையும் அவர் கவனிக்க வேண்டும். அதனால் இரண்டாவது ஜோடிக் கண்கள் என்னுடையவை.

எக்ஸ்ரே படத்துக்கு நேர்மாறாக, திரையில் சிமெண்ட் கறுப்பாகத் தெரியும். எலும்புக்குள் அது மை ஊறுவது போல விரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அப்போது என் காது அடைத்தது. ஏப்ரனுக்குள் வேர்வை குளிர்ந்து ஓடியது. திரையின் ஓரங்கள் மங்கின. ஒரு முறை கண்ணை மூடித் திறந்தேன்.

திறந்தபோது எலும்பின் முன்பக்கத்திலிருந்து நூல் போல ஒரு கறுப்புக் கோடு வெளியே வந்திருந்தது. அதன் நுனி துண்டாகி மேலே போனது.

"ஸ்டாப்," என்றேன்.

டாக்டர் கையை எடுத்தார். அறையில் ஏசி சத்தம் மட்டும். ஹலிமா குனிந்து ராஜம்மாவின் மூச்சைக் கவனித்தார். ஆக்சிஜன் அளவு இறங்கவில்லை.

"பொறுங்கோ. இறுகட்டும்," என்றார் டாக்டர். அரை நிமிடம் கழித்து, ரொம்ப மெதுவாக, இன்னும் கொஞ்சம் அழுத்தினார். இந்த முறை கோடு நீளவில்லை. ஊசியை வெளியே எடுத்தார். தையல்கூட தேவையில்லை, ஒரு பிளாஸ்டர்தான்.

ராஜம்மாவை ட்ராலிக்கு மாற்றினோம். இந்த முறை பத்து நிமிடம் ஆகவில்லை. சிமெண்ட் கடினமாவதற்காக அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ட்ராலி கதவைத் தாண்டுவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு தரையைப் பார்த்தேன், மிகப் பக்கத்தில்.

4. டாக்டரின் கேள்வி

கண் விழித்தபோது ஏப்ரனைக் கழற்றியிருந்தார்கள். ஹலிமா பிரஷர் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். எழுபதுக்குமேல் ஏறவில்லை. டாக்டர் குலசிங்கம் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்த விதம் எனக்குப் புரிந்துபோனது. திங்கட்கிழமை ராஜம்மாவை அப்படித்தான் பார்த்தார்.

"லீலா, என்ன மருந்து எடுக்கிறீங்க?"

எல்லாரும் நிற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருபது வருட அனுபவம்.

"ராஜம்மா சாப்பிட்டதுதான் டாக்டர். திங்கக்கிழமை தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. ஹலிமாவிடம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியைக் கேட்டார். அது ஏறிய பிறகு, இருட்டறையில் யாரோ விளக்குப் போட்ட மாதிரி உலகம் எனக்குத் திரும்பி வந்தது.

மத்தியானம் என் சக ஊழியர் என்னையே எக்ஸ்ரே எடுத்தார். என் முதுகெலும்பில் இரண்டு எலும்புகளின் மேல்தட்டு லேசாகக் குழிந்திருந்தது. நாற்பத்தேழு வயதில், என் பெயர் எழுதிய படத்தில். எனக்கு உடைந்ததே தெரியாமல் அந்த மாத்திரை வலியை மூடி வைத்திருந்திருக்கிறது.

இன்னொரு படமும் காட்டினார்கள். ராஜம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே. வலது நுரையீரலில் கடுகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. துண்டாகி மேலே போன சிமெண்ட்.

"நான் கண்ண மூடினேன் டாக்டர். ஒரு செகண்டு. முன்னாடியே பாத்திருப்பேன்."

அவர் படத்தை வெளிச்சப் பெட்டியிலிருந்து கழற்றினார். "அந்தச் செகண்ட் உங்கட கண்ணில போச்சா, என்ட கையில போச்சா எண்டு எனக்கும் தெரியாது. இது அவவுக்குத் தொந்தரவு தராது எண்டுதான் நினைக்கிறன். ஆனா அவவிட்ட சொல்லோணும். ரெண்டு பேருமாச் சொல்லுவம்."

5. அடுத்த கட்டில்

என்னையும் பெண்கள் வார்டில்தான் படுக்க வைத்தார்கள். மறுநாள் சனிக்கிழமை காலை, நான் கண் திறந்தபோது என் கட்டிலருகில் ராஜம்மா நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டு. கையில் மைலோ கோப்பை. ஆறு வாரமாகப் புரண்டு படுக்கவே முடியாதவர்.

"என்ன தங்கச்சி, எனக்கு ஊசி போட்டா நீ விழுந்துட்ட?"

அந்தச் சிமெண்டை நான் புத்தகத்தில் படித்ததில்லை, திரையில் ஒரு கறுப்புக் கறையாகத்தான் பார்த்திருந்தேன். அது ஒரு மனுஷியை நிற்க வைத்திருந்தது.

டாக்டர் வந்ததும் இரண்டு பேரும் சொன்னோம். புள்ளியைப் பற்றி டாக்டர் சொன்னார். மூடிய கண்ணைப் பற்றியும் பாட்டிலைப் பற்றியும் நான் சொன்னேன். ராஜம்மா மூச்சை ஒரு முறை இழுத்து விட்டுப் பார்த்தார்.

"மூச்சு வருதில்ல. அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும் லா." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா நீ ஏன் விழுந்த? அது வெளங்கல."

"மாத்திரைய திடீர்னு நிறுத்தினதாலக்கா."

அவர் கையில் இருந்த கோப்பை சாய்ந்து மைலோ தரையில் வழிந்தது.

"எனக்குச் சிமெண்டு வைக்கப் போறதாலதான் டாக்டர் நிறுத்த வேணாங்கிறாருன்னு நெனச்சேன்," என்றார். "எங்க லோரோங் சந்துல ஆறு பேருக்கு நான்தான் அந்த மாத்திரைய வாங்கிக் குடுத்தேன். திங்கக்கெழம சாயங்காலமே எங்க வீட்டுக்காரர அனுப்பி, எல்லாரையும் குப்பையில போடச் சொல்லிட்டேன்."

திங்கள் மாலை. இப்போது சனி காலை. நான் நான்காவது நாளில் விழுந்தவள்.

டாக்டர் நர்ஸ் மேசைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ஒரு கடிதம் எழுதினார். வார்டு டெலிபோனில் நான் கிள்ளானில் அவர்கள் வீட்டைப் பிடித்தேன். நல்ல வேளை, முனியாண்டி அன்றைக்கு லோரியை எடுக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு பெயராகத் திருப்பிச் சொன்னார்.

"எல்லாரையும் லோரியில ஏத்திக்கிட்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே. நல்லா இருக்கேன்னு சொன்னாலும் விடாதீங்க. பாட்டில் இருந்தா கையோட எடுத்துக்குங்க. டாக்டர் லெட்டர் அங்கயே ஃபேக்ஸ்ல வருது."

இரண்டு மணி நேரம் ராஜம்மா என் கட்டில் ஓரத்தில், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுங்கள் என்று ஹலிமா மூன்று முறை சொன்னார். கேட்கவில்லை.

முனியாண்டி ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டார். மூன்று பேர் மாத்திரையைக் குப்பையில் போடவே இல்லையாம். வாங்கின பொருளை வீணாக்க மனசில்லை என்று தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இரண்டு பேர் வாந்தியும் தலைசுற்றலுமாகப் படுத்திருந்தார்கள். ஐந்து பேரையும் லோரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

"ஆறாவது ஆளு பச்சையம்மா?" என்று ராஜம்மா டெலிபோனைப் பிடுங்கிக் கேட்டார்.

பச்சையம்மா வீட்டில் இல்லை. புதன்கிழமையே குளியலறையில் விழுந்து, அதே ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கிடக்கிறார். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரஷர் ஏறவே இல்லை. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அங்கே மகளிடம் கேட்டிருக்கிறார்கள். மருந்தே சாப்பிடுவதில்லை என்று மகள் சத்தியம் செய்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அதற்குப் பெயர் மருந்து இல்லை, மூலிகை.

முனியாண்டி அந்தக் கட்டிலைத் தேடிப் போய், பாட்டிலையும் கடிதத்தையும் அங்கிருந்த இளம் டாக்டரின் கையில் திணித்திருக்கிறார். சாயங்காலம் பச்சையம்மா கஞ்சி கேட்டார் என்று செய்தி வந்தது. ராஜம்மா அப்போதுதான் படுத்தார். படுத்தபின் அழுதார்.

6. பிறகு

டாக்டர் பாட்டிலைச் சுகாதார இலாகாவுக்கு அனுப்பினார். உள்ளே ஸ்டீராய்டு இருந்தது உறுதியானது. அந்த வேன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. வேறு பக்கம் போயிருக்கும்.

ராஜம்மாவின் கதையை முழுச் சுகமாக முடிக்க முடியாது. சிமெண்ட் ஓர் எலும்பைத்தான் பிடித்து நிறுத்தும். மற்ற எலும்புகள் அதே மெலிந்த எலும்புகள். இரண்டு வருடம் கழித்து மேலே இன்னொன்று நசுங்கியது, அதற்கும் வைத்தோம். நெஞ்சில் இருந்த புள்ளி அசையாமல், தொந்தரவு தராமல் அங்கேயே இருந்தது. கேண்டீனில் உயரமான ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தார். நானும் ஒரு வருடம் எடுத்து, டாக்டர் தந்த மாத்திரையைக் கால் காலாகக் குறைத்து வெளியே வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உடம்பு சரியில்லாத அன்று திரை முன்னால் நிற்காதீர்கள், எவ்வளவு பெரிய கேஸாக இருந்தாலும். இதை நான் ஒரு கடுகுப் புள்ளியைக் கொடுத்துக் கற்றேன். இன்னொன்று, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று நோயாளியிடம் கேட்டு, இல்லை என்ற பதிலை எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு வருடாவருடம் கொடுக்கும் உடல்நலப் பாரத்தில் அதே கேள்விக்கு நானே இல்லை என்றுதான் எழுதியிருந்தேன். வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், யார் கொடுத்தார்கள், பையில் இருக்கிறதா, காட்டுங்கள் என்று கேளுங்கள்.

ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் கேட்டேன். பலருக்குக் கோபம் வரும். ஒரு முறை ஓர் ஆன்டி, "ஒனக்கு எக்ஸ்ரே எடுக்கத்தானே வேல? நான் என்ன திங்கிறேன்னு ஒனக்கு எதுக்கு?" என்று கேட்டார்.

"நான் அதச் சாப்பிட்டு இந்தத் தரையில விழுந்தேன் ஆன்டி," என்றேன்.

அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார்.